தகரத்தில் வெட்டிய குளிர்

எங்கள் ஊர் மண் ஒரு காலத்தில் கல்லைப் போல உறைந்து கிடந்தது என்று சொல்லும் படம் ஒன்று சீமையில் அச்சாகப் போகிறது. அந்தப் படத்தின் இடது பாதி உண்மை, வலது பாதி பொய். வலது பாதியை முதலில் பென்சிலில் வரைந்தவன் நான். நான் வரைந்தபோது அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு எப்படிப் பொய்யாயிற்று என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்றார்கள். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மாரிகுப்பத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் நான் டிரேசர். பூமிக்கடியில் தோண்டிய வழிகளை அளந்து கொண்டுவருவார்கள். அதை மெழுகுத் துணியில் மையால் பிரதி எடுப்பது என் வேலை. கீழே இறங்கும் குழியான ஷாஃப்ட் என்றால் செங்குத்தாக இரண்டு கோடு. அதிலிருந்து பக்கவாட்டில் போகும் லெவல் என்றால் படுக்கையாக இரண்டு கோடு. பூகோளப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்தவனுக்கு நாள் முழுக்க இந்தக் கோடுகள்தான். ஆபீசுக்குப் பெரியவர் என் அக்காவின் புருஷன். மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். வீட்டில் மாமா, ஆபீசில் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு இடத்திலும் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை.

சுரங்கத்தில் மேற்பார்வை பார்க்கும் துரைக்குக் கேப்டன் என்று பெயர்; கப்பலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. எங்கள் கேப்டனின் சொந்த ஊர் சீமையில், கடற்கரையில் இருக்கிறது. வேலை நேரம் போகப் பாறை, மண், கூழாங்கல் என்று அலைகிற மனிதர். ஒருநாள் ஊரிலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்றை ஆபீசுக்கே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே பழைய பிஸ்கட் டப்பாக்களில் மணல், கூரிய கல் சில்லுகள், அவருடைய தங்கை கடலோரத்து மண்சரிவுகளைப் பார்த்து வரைந்து அனுப்பிய படங்கள். அந்த அம்மாள் மழையில் நின்று வரைந்திருக்க வேண்டும். காகிதம் அங்கங்கே உப்பியிருந்தது.

கேப்டன் ஆங்கிலத்தில் விளக்கினார். சரிவின் அடியில் உருண்டைக் கூழாங்கற்கள் வரிசையாகக் கிடந்தன. அது பழைய கடற்கரை, கடல் பின்வாங்கிய பிறகு மேலே நின்றுபோனது. அதற்கு மேல் உருளாத கூரான கற்கள் களிமண்ணோடு கலந்து ஒரு பெரிய அடுக்கு. அந்த அடுக்கில் மேலேயிருந்து கீழே ஆப்பு அடித்தது போல ஒரு பிளவு, அதற்குள் வெளுத்த மணல்.

“இந்தப் பிளவில் ஒரு காலத்தில் என்ன இருந்தது, சொல்லு பார்க்கலாம்” என்றார்.

“தண்ணீர், சார்.”

“கிட்ட வந்துவிட்டாய். தண்ணீர்தான், ஆனால் கெட்டியாக.”

குளிர் முற்றினால் மண்ணே பாறையாகிவிடும், அதற்கு மேலும் குளிர்ந்தால் அந்தப் பாறை வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கி உறையும், வருஷா வருஷம் அந்த உறைபனி ஆப்பு பருத்துப் பக்கத்து மண்ணை நெருக்கித் தள்ளும் என்றார். பிறகு காலம் மாறிக் குளிர் போனால் உறைபனி உருகிவிடும். அது இருந்த இடத்தில் மணல் விழுந்து அடைத்துக்கொள்ளும். பனி போய்விட்டது, அதன் அச்சு மட்டும் மண்ணில் நிற்கிறது.

 வெப்பமானி இல்லாத காலத்துக் குளிரை ஒரு மண்சுவரைப் பார்த்துச் சொல்ல முடியும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டுத் துளைத்தேன். கேப்டனுக்கு அது பிடித்திருந்தது. தங்கை வரைந்த படத்தில் விரல் வைத்துக் காட்டினார். பிளவின் இரு கரையிலும் மண்ணடுக்குகள் மேல்நோக்கி வளைந்திருந்தன, ஏதோ உள்ளேயிருந்து நெருக்கியது போல. கரையோரக் கற்கள் படுக்காமல் குத்துக்கு நின்றன. கல் தானாக எழுந்து நிற்காது. மண் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். குளிர்தான் அப்படி நிறுத்தும் என்றார்.

இந்தப் படங்களை ஒரே ஷீட்டாக வரைந்து சீமையில் பாறை ஆராய்கிறவர்களின் சங்கத்துக்கு அனுப்பப் போவதாகவும், மையால் வரைய நான்தான் வேண்டும் என்றும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தை பிறந்ததும் கடலூர்ப் பக்கம் போகிறேன், அங்கே கடலோரச் செம்மண் சரிவுகளில் இப்படிப் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வரைய ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்றார்.

நான் கடலையே பார்த்ததில்லை. என் அப்பா வட ஆற்காட்டிலிருந்து நடந்து இந்த ஊருக்கு வந்தவர், அவரும் பார்த்ததில்லை. வருகிறேன் சார் என்று உடனே சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“கடலாண்ட போயி இன்னாடா பண்ணப் போற?”

“பனி இருந்த எடத்தைத் தேடப் போறேன்.”

“பனியா. மார்கழியில வாசல்ல கெடக்குது, முறத்துல அள்ளிக்கோ. இதுக்கு ரயிலேறிப் போவணுமா?” என்றாள். பிறகு மாமாவிடம் திரும்பி, “இந்தாங்க, உங்க மச்சான் சீமைக்காரனாயிட்டான். நாளைக்கு சோத்துல ஐஸ் போடச் சொல்லுவான்” என்றாள்.

மாமா சிரிக்கவில்லை. “ஷீட்டு எப்போ முடிக்கணுமாம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பூதிகோட்டைப் பக்கம் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளம் ஒரு பழைய ஏரியின் வயிற்றைக் கடந்து போனது. அங்கே களிமண்ணில் ஆப்பு ஆப்பாகப் பிளவுகள் தெரிவதாகக் கேப்டனுக்குச் செய்தி வந்தது. குதிரைவண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளத்தில் இறங்கினவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாம்பல் நிறக் களிமண், அதில் வெள்ளைக் கற்கள், மேலேயிருந்து இறங்கும் பிளவு, பிளவுக்குள் மணல். “இங்கேயுமா” என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். இந்த வெயிலில் வருஷக்கணக்காக வெந்துகொண்டிருந்தவர், தன் ஊர்க் குளிர் தனக்கு முன்னாலேயே இங்கே வந்து தங்கிப் போயிருக்கிறது என்று கண்டுகொண்டவர் போல இருந்தார்.

அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. என்னை விட்டுவிட்டு, அளந்து வரைந்து வா என்று சொல்லிப் போனார். நான் பொழுது சாயும்வரை அந்தப் பள்ளத்தில் குந்தி வரைந்தேன். எனக்கும் அது உறைபனியாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. பனி இருந்தால்தான் கடலூர்ப் பயணத்துக்கு அர்த்தம். ஆனால் பென்சில் பிடித்த கைக்கு என் ஆசை தெரியாது. கற்கள் படுத்துக்கிடந்தன. ஒரு கல்கூட நிற்கவில்லை. மண்ணடுக்குகள் பிளவின் பக்கத்தில் மேலே வளையவில்லை; ஓரம் உட்கார்ந்து, பிளவுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் கீழே சரிந்திருந்தன. அப்படியே வரைந்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் குழாய் போட்டு, பின்னாலேயே பள்ளத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏரி வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிப்பதை எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த யாரும் பார்த்திருப்பார்கள். வெடிப்பில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். இதுவும் அதுதானே என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அதே ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கற்களைப் படுக்க வைத்து, மேலே மூடி அறுத்த இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் நிரப்பினேன். ஒன்றை வெயிலில் வைத்தேன். இன்னொன்றுக்கு ஐஸ் வேண்டும். துரைமார் கிளப்புக்குப் பெங்களூரிலிருந்து ரயிலில், மரத்தூளில் புதைத்து, சாக்கில் கட்டி ஐஸ் வரும். அந்தப் படியில் கால்வைக்க எனக்கு வழியில்லை. கேப்டனிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் பாதிப் பாளம் சாக்கோடு என் மேஜைக்கு வந்தது.

ஐஸை உடைத்து உப்போடு கலந்து டின்னைச் சுற்றி அடைத்தேன். மாமா கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, “மையில தண்ணி பட்டுச்சுன்னா பாரு” என்று எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மண் உறைந்தது. தட்டினால் டொக்கென்றது. பென்சிலின் பின்புறத்தால் அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. விளிம்புக்குச் சரியாகத் தட்டி நிரப்பிய மண் விளிம்பைத் தாண்டி மேடாக எழும்பி நின்றது. உடைத்துப் பார்த்தால் உள்ளே தலைமயிர் போல வெள்ளை வெள்ளையாகப் பனி இழை. நான் தொட்ட முதல் உறைந்த மண் அதுதான். வெயில் டின்னில் இதற்கு நேர்மாறு. மண் சுருங்கி டின்னை விட்டு விலகி, நடுவே பிளந்து, ஓரங்கள் தளர்ந்து கிடந்தது. கற்கள் வைத்தபடியே படுத்திருந்தன.

குளிர் மண்ணை ஊதுகிறது, வெயில் சுருக்குகிறது. கேப்டனின் ஊர்ப் பிளவு நெருக்கித் தள்ளியது. எங்கள் ஊர்ப் பிளவு விலகிக்கொண்டது. இவ்வளவுதான். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஆப்புதான். பக்கத்து மண்ணைக் கேட்டால் வேறு வேறு கதை சொல்கிறது. உருகத் தொடங்கிய டின்னைச் சட்டையெல்லாம் சேறாகத் தூக்கிக்கொண்டு கேப்டனிடம் ஓடினேன்.

அவர் பார்த்தார், தட்டினார், சிரித்தார். “நல்ல விளையாட்டு. ஆனால் உன் டின்னில் நடந்தது ஒரு சாயங்காலத்துக் குளிர். நான் சொல்வது ஆயிரமாயிரம் குளிர்காலம்” என்றார். அது நியாயமான பேச்சு. ஒரு டின்னை வைத்து உலகத்தை முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் கற்கள் படுத்திருக்கின்றனவே சார் என்றேன். யோசிக்கிறேன் என்றார். ஷீட்டை முடி என்றார்.

ஷீட்டை முடித்தது நான் இல்லை. ஈரச் சேற்றில் கைவைத்ததற்கோ, இரண்டு மார்கழி விடியல்களில் அந்தக் களிமண் எடுக்கப் போனதற்கோ, எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். என் பென்சில் படங்களை வைத்து மாமா மையால் முடித்தார்.

காய்ச்சல் விட்டு ஆபீசுக்குப் போனபோது ஷீட் சுவரில் மாட்டியிருந்தது. அழகாக இருந்தது. மாமாவின் கோடு அப்படி, அதில் குறை சொல்ல முடியாது. இடது பக்கம் கேப்டனின் கடற்கரை, வலது பக்கம் எங்கள் ஏரிப் பள்ளம். கிட்டே போய்ப் பார்த்தேன். வலது பக்கத்துக் கற்கள் எழுந்து நின்றன.

எல்லாமே நின்றன. ஒரே உயரம், ஒரே சாய்வு, சிப்பாய்களைப் போல.

“இன்னா மாமா இது?”

“இன்னா, இன்னா இது?”

“கல்லு நிக்குது. நான் படுக்க வெச்சுதான வரைஞ்சேன்?”

மாமா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்துக் காட்டினார். பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, அதில் நிற்கும் கல்லின் வடிவத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் குடைந்திருந்தார். எங்கள் ஆபீசில் ஒவ்வொரு பாறைக்கும் இப்படி ஒரு தகடு உண்டு. துணியின்மேல் வைத்து ஓட்டை வழியே மை போட்டால் எத்தனை ஷீட்டானாலும் அடையாளம் மாறாது. கடற்கரைப் படத்தில் நிற்கும் கற்கள் நிறைய இருந்ததால் புதிதாக ஒன்று வெட்டியிருக்கிறார். அதே தகட்டை வலது பக்கமும் வைத்துவிட்டார்.

“பிளவோரத்துக் கல்லு. அந்தாண்டயும் அதான், இந்தாண்டயும் அதான். ஒரே ஷீட்டுல ஒரே சாமானுக்கு ரெண்டு அடையாளம் போடுவியா? யார்றா உனக்கு வேலை சொல்லிக்குடுத்தது?”

இந்தச் சட்டம் மாமாவின் கிறுக்கு இல்லை. பழைய காலத்தில் தோண்டிக் கைவிட்டு, தண்ணீர் தேங்கிப்போன வழிகள் சுரங்கத்தில் உண்டு. ஒரு ஷீட்டில் அதை ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் குறித்துவைத்து, தெரியாமல் அதன் பக்கம் துளை போட்டால் கீழே இருக்கிறவர்கள் மூழ்கிச் சாவார்கள். அதனால்தான் ஒரே பொருளுக்கு ஒரே அடையாளம். அந்தச் சட்டத்தால் எத்தனையோ பேர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் விடவில்லை.

“மாமா, இங்க கல்லு எப்படிக் கெடக்குதுன்றதுதான் விஷயமே. கல்லுன்றது விஷயமில்ல. நீங்க இந்தத் தகரத்தை வெச்சு பூதிகோட்டையில பனி பெய்ய வெச்சுட்டீங்க.”

“கத்தாத. துரை வராரு.”

கேப்டன் வந்தார். ஷீட்டின் முன் நின்றவர் முகம் மலர்ந்தது. என் தோளில் கைவைத்து, “நீதான் கல் படுத்திருக்கிறது என்றாய். உன் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் குளிரையே அறியாதவர். அவர் கையே நிறுத்திவைத்திருக்கிறது பார்” என்றார்.

நான் தகட்டைக் காட்டினேன். எப்படி வந்தது என்று சொன்னேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரியாதா? புரிந்தது. தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் சரிதான், அழித்துவிட்டுத் திருத்து என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் அவருக்குக் கைகட்டி நின்றிருப்பேன். அவர் தகட்டை மேஜைமேல் வைத்தார்.

“உன் பென்சில் படம் ஒரு கற்றுக்குட்டியுடையது” என்றார். “பள்ளத்தை நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இதுதான். நீ உறைந்த நிலத்தில் நடந்ததில்லை. நீங்கள் யாரும் குளிர் என்றால் என்னவென்று அறியாதவர்கள். அறியாத ஒன்றை மண்ணில் எப்படிக் காண்பாய்?”

“சார், மார்கழி விடியலில் ஷாஃப்ட் வாயில் வந்து நின்று பாருங்கள்” என்றேன். “கீழே அடுப்புக்குள் இருப்பது போல வெந்து, கோவணம் பிழியப் பிழிய வேர்வையோடு கேஜ் கூண்டில் ஆட்கள் மேலே வருகிறார்கள். வெளியே வாடை. கம்பளி கிடையாது. பல்லோடு பல் அடிக்கிறது. அந்த வாரமே மார்ச்சளி கண்டு செத்துப்போனவர்கள் எங்கள் லைன் வீடுகளில் உண்டு. குளிர் எங்களுக்குத் தெரியும். தெரியாதது உங்களுக்கு வேண்டிய குளிர்.”

 மாமா என் முழங்கையைப் பிடித்தார். கேப்டன் சிவந்துபோனாரே தவிரக் கத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். “ஷீட்டில் கையெழுத்து எங்கே?”

இதுவும் எங்கள் ஆபீஸ் சட்டம். இடத்தை நேரில் பார்த்து அளந்தவன் ஷீட்டின் மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அது இல்லாமல் ஒரு ஷீட்டும் கதவைத் தாண்டாது. ஏரிப் பள்ளத்தை அளந்தவன் நான்.

“போடமாட்டேன்” என்றேன்.

“ரெண்டு எழுத்துடா மச்சான்” என்று மாமா தமிழில் முணுமுணுத்தார். “கடலூர் போவணும்னு சொன்னியே. ரெண்டு எழுத்து போட்டுட்டுப் போய்க்கினே இரு.”

எனக்கு ஒரு வழி தோன்றியது. மாமாவின் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வழி. ஒரே ஷீட்டில்தானே ஒரே அடையாளம்? இரண்டு ஷீட்டாகப் பிரித்துவிடலாம். கடற்கரை ஒன்று, ஏரிப் பள்ளம் ஒன்று. தனித்தனி அடையாளம், கீழே தனித்தனி விளக்கம். நான் வரைந்தபடி இரண்டாவதை வரைந்துகொடுக்கிறேன், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். படிக்கிறவர்கள் இரண்டையும் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மாமாவின் முகம் தெளிந்தது. “அது சரிதான் சார், அது பண்ணலாம்” என்றார்.

கேப்டன் தலையை ஆட்டினார். “வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்று போலத் தெரியும்.”

அவர் அதை ரகசியமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது தவறாகவே படவில்லை. அதுதான் என்னை எரிக்கிறது. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்கிறவனிடம் சண்டை போடலாம். தன் ஊர்க் குளிரை இங்கே காண வேண்டும் என்ற ஏக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டவரிடம் எதைச் சொல்ல?

மாமா அந்தப் பதிலைக் கேட்டார். கேட்டது எனக்குத் தெரியும், ஏனென்றால் தகட்டை எடுக்கப் போன அவர் கை அதன்மேலேயே நின்றுவிட்டது. பிறகு பேனாவை எடுத்தார். மையில் தோய்த்தார். ஷீட்டின் மூலையில் தன் முதலெழுத்துகளைப் போட்டார். அந்தப் பள்ளத்தை அவர் பார்த்ததே கிடையாது. இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக ஒருவனை இதே மனிதர் ஆபீசை விட்டு அனுப்பியிருக்கிறார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. “உனக்காகத்தாண்டா போட்டேன்” என்றார் மாமா. “நீயும் போடமாட்ட, ஷீட்டும் போவாதுன்னா உன்னை வெளிய தள்ளிடுவான்.”

“எனக்காக யாரும் பொய் சொல்ல வாணாம்.”

“பொய்யாம் பொய். எந்தக் காலத்துலயோ பூதிகோட்டையில குளிரடிச்சுதுன்னா யாருக்கு இன்னா நஷ்டம்? எவன் செத்தான்?”

அக்கா குறுக்கே வந்தாள். எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். “துரைகிட்ட கோவணம், வேர்வைன்னு பேசினியாமே. ஆபீசுக்கு உன்னைக் கூட்டிக்கினு போனவரு மூஞ்சில கரியைப் பூசிட்டு, இங்க வந்து நியாயம் பேசறியா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான். பாக்காத எடத்துக்கு ஏன் கையெழுத்து போட்டீங்க? வூட்டுல உப்பு கொறைஞ்சா மட்டும் பாத்துப் பாத்துச் சொல்றீங்களே.” மாமா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். அக்கா இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு, “பட்டினி கெடங்க ரெண்டு பேரும்” என்று உள்ளே போனாள்.

எவன் செத்தான் என்று மாமா கேட்டார். இப்போதும் யாரும் சாகவில்லை. ஆனால் நாளைக்கு ஒருவன், தெற்கே கோலார் வரைக்கும் பூமி உறைந்திருந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துத் தன் பூகோளப் புத்தகத்தில் எழுதுவான். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் போல ஒருவன் அதை அட்டை கிழியும்வரை படிப்பான். மண் ஒரே ஒரு தரம்தான் திறந்து காட்டியது. அதை மூடிவிட்டுத் தகரத்தில் வெட்டியதைச் சாட்சி என்கிறார்கள்.

தை பிறந்தது. கேப்டன் என்னைக் கூப்பிட்டார். கடலூருக்கு உன் மாமாவை அழைத்துப் போகிறேன் என்றார். வரைகிறவனுக்குச் சொந்த அபிப்பிராயம் இருந்தால் வேலை நடக்காதாம். மரியாதையாகத்தான் சொன்னார். நான் சரி சார் என்று வந்துவிட்டேன். வேறென்ன சொல்வது? வேலை போகவில்லையே என்று அக்கா சாமிக்கு விளக்கேற்றினாள்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு மாமாவின் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அக்கா அனுப்பினாள்.  கேப்டன் முதல் வகுப்பில் ஏறிக்கொண்டார். மாமா மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்து, டிராயிங் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை; அவரும் கடலைப் பார்த்ததில்லை, அதைப் பற்றி அவருக்கு ஆசையும் இல்லை. நான் திரும்ப எட்டு வைத்தேன்.

“மச்சான்” என்று கூப்பிட்டார். “அங்க போயி நான் இன்னா பாக்கணும்?”

“அதான் துரை சொல்வாரே.”

“அவரு சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு.”

சொல்லாமல் வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நான் போக வேண்டிய இடம். நான் கேட்ட கேள்விகள். நான் சேற்றில் குந்திக் கண்டுபிடித்த வித்தியாசம். அதை இவருக்கு ஏன் தர வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இன்ஜின் கூவியது.

ஆனால் நான் சொல்லாவிட்டால் அந்தக் கடலோர மண்சுவரும் தகட்டுக்குள் போய்விடும். அதுவும் ஒரு தரம்தான் திறந்து காட்டும். அடுத்த மழையில் சரிந்துவிடும்.

“மொதல்ல கல்லைப் பாக்காதீங்க, பக்கத்து மண்ணைப் பாருங்க” என்றேன். ரயில் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். “அடுக்கு மேல வளையுதா, கீழ தொங்குதா, அதைப் பாருங்க. வளைஞ்சா நெருக்கியிருக்குது. தொங்கினா காய்ஞ்சிருக்குது. கல்லு ஒண்ணொண்ணையும் தனியா வரைங்க மாமா. கையால வரைங்க. நிக்கறது நிக்கட்டும், படுத்தது படுத்திருக்கட்டும்.”

“மேல வளைஞ்சா நெருக்கியிருக்குது” என்று மாமா பாடம் ஒப்பிப்பது போலத் திருப்பிச் சொன்னார். “அப்புறம்?”

“உள்ள இருக்கிற மணலு எங்கேர்ந்து வந்துதுன்னு பாருங்க. மேல இருக்கிற மணல்தானான்னு பாருங்க.” நான் ஓடத் தொடங்கியிருந்தேன். “பிளவு எதுவுமே இல்லைன்னா, இல்லைன்னே போடுங்க.”

அவர் கையை ஆட்டினார், கேட்டது என்றோ போதும் என்றோ. பிளாட்பாரம் முடிந்தது. மூச்சு வாங்க நின்றேன். பௌரிங்பேட்டை ஜங்ஷன் பக்கம் புகை போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றுகூட விடவில்லை. அதற்காக என்மேல் எனக்கே வந்த கோபத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, ஷிப்ட் சங்கு ஊதும் முன்னே ஆபீசுக்கு நடந்தேன்.